பீடிக் கட்டின் மேல் ஒரு படம்: எச்சரிக்கையைத் தள்ளிப்போட்டவர்கள் யார்?

(இணைய விவாத இழை ஒன்று; ஒவ்வொரு பதிவின் மேலும் அதை எழுதியவரின் புனைபெயர்.)

கோடைமழை

2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், சிகரெட், குட்கா வகையறாவுக்கெல்லாம் 40 சதவீதம் என்று தீர்மானித்துவிட்டு, பீடியை மட்டும் 28இலிருந்து 18க்கு இறக்கியது. பீடி இலைக்கான வரியும் 18இலிருந்து 5 ஆனது. உடனே கேரளக் காங்கிரசின் சமூக ஊடகப் பக்கம் பீடியையும் பீகாரையும் முடிச்சுப்போட்டுக் கிண்டலடித்தது. தேர்தல் நெருங்கிய நேரம். நாலாபக்கமும் வசவு விழுந்ததும் பதிவை நீக்கி வருத்தம் தெரிவித்தார்கள். அந்தக் கூச்சலில் உண்மையான கேள்வி அடிபட்டுப் போயிற்று. பீடிக்கு மட்டும் இந்தச் சலுகை எப்படிக் கிடைக்கிறது? யார் கேட்கிறார்கள், எந்த வாசலில் போய்க் கேட்கிறார்கள்?

வரி விஷயத்தில் உள்ளே பேசியது வெளியே வராது. எச்சரிக்கைப் பட விஷயத்தில் ஏறக்குறைய எல்லாமே நம் கண்முன் நடந்தது. ஆகவே அதை எடுத்துக்கொள்கிறேன்.

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003இல் நிறைவேறியது. பாக்கெட்டில் படம் போட வேண்டும் என்ற விதிகள் 2006இல் அறிவிக்கப்பட்டன. அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்த காலம் அது. அவர் பிடிவாதமாக நின்றார். ஆனாலும் கெடு மேல் கெடுவாகத் தள்ளிப்போயிற்று. பிரணாப் முகர்ஜி தலைமையில் அமைச்சர்கள் குழு ஒன்று அமைத்தார்கள். மண்டை ஓடும் எலும்பும் கட்டாயம் என்றிருந்ததை 2007இல் சட்டத்தையே திருத்தி எடுத்துவிட்டார்கள். கடைசியில் 2009 மே 31 அன்று படம் வந்தது, அதுவும் முன்பக்கத்தில் 40 சதவீதத்துக்கு. சிகரெட்டுக்கும் பீடிக்கும் மங்கலான நுரையீரல், எக்ஸ்ரே. மெல்லும் புகையிலைக்கு ஒரு தேள். தேளைப் பார்த்து வாய்ப்புற்றுநோயை நினைத்துக்கொள்ள வேண்டுமாம்!

இரண்டாவது சுற்று இன்னும் சுவையானது. 2014 அக்டோபர் 15 அன்று புதிய அறிவிக்கை வந்தது. பாக்கெட்டின் இரு பக்கமும் 85 சதவீதம், அதில் படம் 60, எழுத்து 25. 2015 ஏப்ரல் 1 முதல் அமல். தேதி நெருங்கும்போது, அமைச்சகங்கள் எழுதும் விதிகளைப் பரிசீலிக்கும், சார்நிலைச் சட்டங்களுக்கான மக்களவைக் குழு இதை நிறுத்திவைக்கும்படி இடைக்கால அறிக்கை கொடுத்தது. குழுவின் தலைவர் அகமத்நகர் எம்.பி. திலீப் காந்தி. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு இந்திய ஆய்வு எதுவும் இல்லை, எல்லாம் வெளிநாட்டு ஆய்வுகள்தான் என்றார் அவர். குழுவில் இன்னொரு உறுப்பினர் அலகாபாத் எம்.பி. ஷியாமா சரண் குப்தா. அவரே பீடித் தொழிலதிபர். ஓயாமல் பீடி குடித்தும் நோயே வராதவர்களைத் தன்னால் கொண்டுவந்து நிறுத்த முடியும் என்றார். சர்க்கரையால் நீரிழிவு வருகிறதே, அதற்கு எச்சரிக்கை போடுகிறோமா என்றும் கேட்டார்.

மார்ச் கடைசியில் அரசு அறிவிக்கையை நிறுத்திவைத்தது.

நான் கேட்பது இதுதான். பீடி விற்பவர் பீடிக்கான விதியைப் பரிசீலிக்கும் குழுவில் உட்காரலாமா? உட்கார்ந்தால் அதற்குப் பெயர் பிரதிநிதித்துவமா, வியாபாரமா?

மருந்துச்சீட்டு

அந்த "இந்திய ஆய்வே இல்லை" என்ற பேச்சை நான் வேலைநேரத்தில் தொலைக்காட்சியில் கேட்டேன். எரிச்சலில் அன்று யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

டெல்லிவரைக்கும் போக வேண்டாம், நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றுநோய்க்கான காரணங்களை ஆராய்ந்து 1959இலேயே பிரிட்டிஷ் புற்றுநோய் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். நாட்டில் பல எம்.பி.க்கள் பிறப்பதற்கு முன்பே.

2003இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு அதைவிடப் பெரியது. கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் செய்தது. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரங்களை எடுத்து, உயிரோடிருந்த 35,000 பேரோடு ஒப்பிட்டார்கள். இறந்தவர் வீட்டுக்குப் போய், மனைவியிடமோ மகனிடமோ உட்கார்ந்து, அவர் புகைத்தாரா, எத்தனை ஆண்டு, பீடியா சிகரெட்டா என்று விசாரித்து எழுதிய கணக்கு. கிடைத்த முடிவு புற்றுநோயோடு நிற்கவில்லை. காசநோயால் செத்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம் காரணமாக இருந்தது. கிராமத்தில் அந்தப் புகை பெரும்பாலும் பீடிப் புகை.

ஆய்வு இல்லை என்று சொன்னவர் தேடிப் பார்க்கவில்லை என்றுகூட நான் நினைக்கவில்லை. தேடவே வேண்டியிருக்கவில்லை. சந்தேகம் ஒன்றைக் கிளப்பிவிட்டால் போதும். 1954 ஜனவரியில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் சேர்ந்து நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தன: இன்னும் ஆராய வேண்டும், நாங்களே ஆராய்கிறோம் என்று. அறுபது ஆண்டு கழித்து அதே பாட்டை நாடாளுமன்றக் குழுவில் கேட்டோம்.

எதிர்வாதி

எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் இழை சப்பென்று போய்விடும், ஆகவே நான் மறுபக்கம் பேசுகிறேன்.

ஒரு தொழிலைப் பாதிக்கும் விதி வருகிறது. அந்தத் தொழில் தெரிந்தவர் பேசக்கூடாது என்றால் வேறு யார் பேசுவது? நெசவாளர் வீட்டிலிருந்து வந்த எம்.பி. கைத்தறிக் குழுவில் இருந்தால் பாராட்டுகிறோம். விவசாயி எம்.பி. வேளாண் குழுவில் இருந்தால் மாலை போடுகிறோம். பீடிக்காரர் என்றால் மட்டும் முகம் சுளிப்பதா?

அரசுக் கணக்கிலேயே ஏறத்தாழ 50 லட்சம் பீடித் தொழிலாளர்கள். பெரும்பாலும் பெண்கள், வீட்டில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். அவர்கள் பிழைப்பைப் பற்றி ஒரு எம்.பி. கவலைப்பட்டால் அது லாபி, சொந்த லாபத்துக்காக அரசை வளைப்பது. குளிர்சாதன அறையில் கருத்தரங்கு நடத்தும் தொண்டு நிறுவனம் அமைச்சரைச் சந்தித்தால் அது மக்கள் நலன். இந்த இரட்டை அளவுகோல் எனக்குப் புரியவில்லை.

பொதிகைச்சாரல்

எதிர்வாதி அண்ணனுக்கு வணக்கம். அந்த 50 லட்சத்தில் என் அம்மாவும் ஒருவர். ஊர் கடையம் பக்கம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பீடி சுற்றுவதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இலையை முந்தின நாள் நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பார்கள். காலையில் தகர அளவை வைத்துக் கத்தரியால் வெட்ட வேண்டும். மடியில் சுளகு, சுளகில் தூள். ஒரு சிட்டிகைத் தூளை இலையில் பரப்பிச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்க வேண்டும். அம்மா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே செய்வார், விரல் தானாக ஓடும். சாயங்காலம் கட்டுக் கட்டாகச் சுளகில் அடுக்கி ஏஜென்ட் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கூத்தே அங்கேதான். கடையில் இருப்பவர் ஒரு கட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, இது தளர்வு, இது நீளம் குறைவு என்று கழிப்பார். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. ஆனால் கழித்ததை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் மாட்டார்கள். அது எங்கே போகிறது என்று சிறுவயதில் அம்மாவிடம் கேட்டேன். "எங்கே போகும், அதுவும் புகையாகத்தான் போகும்" என்றார். அடுத்த நாளுக்குக் கொடுக்கும் இலை ஆயிரம் பீடிக்குக் காணாது. குறைவதை நம் கைக்காசு போட்டு வாங்கி ஈடுகட்ட வேண்டும்.

இப்போது எம்.பி. கவலைப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். 85 சதவீதப் படம் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டபோது ஏஜென்ட் கடையில் ஒரு தாள் வைத்திருந்தார்கள். வேலைக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகத்தைக் காட்டிவிட்டு அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். படம் வந்தால் கம்பெனி மூடிவிடும், பி.எஃப். நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா போட்டார், தெருவே போட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்று படித்துச் சொல்ல நான் ஊரில் இல்லை. அந்தத் தாள் எந்தக் கோப்பில், எத்தனை லட்சம் தொழிலாளர்களின் வேண்டுகோள் என்ற பெயரில் போய்ச் சேர்ந்ததோ எனக்குத் தெரியாது.

தொழிலாளியின் பெயரில் பேசுகிறவர்கள் கழிவைப் பற்றிப் பேசட்டும், இலைக் குறைவைப் பற்றிப் பேசட்டும். அதையெல்லாம் எந்தக் குழு முன்னால் யார் வைத்தார்கள்?

நுங்குவண்டி

கையெழுத்து சங்கதி எங்கள் பக்கமும் நடந்தது, வேறு தொழில், அதே தாள். பெயரை வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவார்கள்.

கடைவீதி பழனி

நான் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். படத்தால் பயனுண்டா என்று பெரியவர்கள் பேசுகிறீர்கள். கடைப்பலகைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சிகரெட்டைப் பாக்கெட்டாக வாங்குகிறவர் குறைவு. ஒன்று, இரண்டு என்று உதிரியாகக் கேட்பார்கள். பாக்கெட் என் கையில், படமும் என் பக்கம். வாங்குகிறவர் பார்ப்பது வெறும் சிகரெட்டைத்தான். ஆக 85 என்றாலும் 100 என்றாலும் அந்தப் படத்தைத் தினமும் பார்ப்பவன் நான். பீடி அப்படியில்லை, கட்டாகவே போகும். கட்டு உருண்டை, மேலே சுற்றிய தாளில் படம் வளைந்து போய்விடும். இருந்தாலும் சட்டைப்பையில் நாள் முழுவதும் இருப்பது அந்தக் கட்டுதான்.

கம்பெனி ஆட்கள் வந்து அழகான அலமாரி செய்து தருவார்கள், விளக்குப் போட்ட பலகை தருவார்கள். விதிப்படி பலகை இன்ன அளவுதான் இருக்கலாம் என்று அதிகாரி ஒருவர் வந்து சொல்லும்வரை எனக்கே தெரியாது. அபராதம் எனக்கு, விளம்பரம் அவர்களுக்கு.

சட்டப்புள்ளி

பழனி அண்ணாச்சி சொன்ன பலகைக்கே ஒரு நீண்ட வரலாறு உண்டு. 60க்கு 45 சென்டிமீட்டருக்கு மேல் பலகை கூடாது, பிராண்டு பெயர் கூடாது என்ற விதி 2005இலேயே வந்தது. மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. அந்தத் தடை நீங்க உச்ச நீதிமன்றத்தில் 2013 ஆயிற்று. அத்தனை ஆண்டுகளும் பலகைகள் பளபளத்தன.

கோடைமழை கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்ப்பது கடினம். பத்திரிகை பார்க்கும், வாக்கெடுப்பு நடக்கும். ஆனால் "எச்சரிக்கை இருக்க வேண்டும்" என்று மட்டும் சட்டம் சொல்லும். எத்தனை சதவீதம், எந்தப் படம், எந்தத் தேதி என்பதெல்லாம் அமைச்சகம் எழுதும் விதியில் வரும். விதி எழுதும் மேசையைச் சுற்றிக் கூட்டம் கிடையாது. அனுபவமுள்ள லாபி அங்கேதான் போய் நிற்கும்.

உறுப்பினரின் சொந்த நலன் பற்றி மக்களவை விதிகளில் ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 255ஆம் விதிப்படி, தனிப்பட்ட, பணம் சார்ந்த, நேரடியான நலன் உள்ளவரைக் குழுவில் சேர்ப்பதற்கு ஆட்சேபம் எழுப்பலாம். 371ஆம் விதி அவையில் வாக்களிப்பதைப் பற்றிச் சொல்கிறது. விதி இருக்கிறது, ஆனால் யாராவது எழுந்து நின்று ஆட்சேபிக்க வேண்டும். மாநிலங்களவையில் உறுப்பினர்களின் நலன்களுக்கென்று பதிவேடே உண்டு. மக்களவையில் அப்படி ஒன்று இல்லை. அமெரிக்காவில் 1995 முதல் லாபி செய்கிறவர் தன் பெயரையும், யாருக்காக வேலை செய்கிறார் என்பதையும், எவ்வளவு செலவானது என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். அங்கே லாபி ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை, ஆனால் யார் என்று தெரியும். இங்கே லாபிக்கென்று சட்டமே கிடையாது.

எதிர்வாதியின் கைத்தறி உதாரணம் இங்கே பொருந்தாது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 5.3ஆம் பிரிவு, புகையிலைத் தொழிலின் வணிக நலன்களிலிருந்து சுகாதாரக் கொள்கையைப் பாதுகாக்க வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. கைத்தறிக்கு அப்படியொரு உடன்படிக்கை இல்லை. வேட்டி கட்டி யாரும் சாகவில்லை.

எதிர்வாதி

சரி, ஒரு சின்னக் கேள்வி. இவ்வளவு சக்தி வாய்ந்த லாபி என்றால் கடைசியில் ஜெயித்தது யார்? இன்றைக்குப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள், 85 சதவீதம் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய எச்சரிக்கைகளில் நம்முடையதும் ஒன்று. லாபி தோற்றுவிட்டது. கதை முடிந்தது.

கோடைமழை

கதை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் நடுப்பக்கங்களைத் தாவிவிட்டீர்கள்.

2015இல் நிறுத்திவைத்த பிறகு ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2016 ஏப்ரல் 1 முதல் அமல் என்று அரசு மறுபடி அறிவித்தது. அமலுக்கு வருவதற்குச் சற்று முன்பு, 2016 மார்ச்சில், அதே குழுவின் இறுதி அறிக்கை வந்தது: சிகரெட்டுக்கு இரு பக்கமும் 50 சதவீதம் போதும், பீடிக்கு ஒரு பக்கம் மட்டும் 50 போதும் என்று. இந்த முறை அரசு அதை ஏற்கவில்லை. ஏப்ரல் 1 வந்ததும் ஐடிசி உள்ளிட்ட பெரிய சிகரெட் கம்பெனிகள் விதி தெளிவாக இல்லை என்று சொல்லி ஆலைகளை மூடின. எச்சரிக்கைப் படத்தை எதிர்த்து முதலாளி நடத்திய வேலைநிறுத்தம் அது! மே 4 அன்று, விதியை இப்போதைக்குப் பின்பற்றுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, நாடெங்கும் கிடந்த வழக்குகளைக் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. அந்த நீதிமன்றம் 2017 டிசம்பரில் 85 சதவீத விதியையே ரத்து செய்தது. 2018 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. அதன்பிறகுதான் நீங்கள் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லும் பாக்கெட் நிலைத்தது.

லாபிக்குத் தடுத்து நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை, தள்ளிப்போட்டால் போதும். ஒவ்வொரு மாதமும் விற்ற சரக்கு விற்றதுதான், அதை நீதிமன்றம் திருப்பி வாங்காது. 2006இல் அறிவித்த படம் 2009இல் வந்தது, 2014இல் அறிவித்தது 2016இல் வந்தது. பழக்கம் பிடிப்பது பதின்வயதில். அந்த இடைவெளியில் முதல் பீடியைப் பற்ற வைத்த பையன்கள் எத்தனை பேர் என்று எந்த அறிக்கையிலும் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுனிதா தோமர் என்று மத்தியப் பிரதேசத்துப் பெண். புகையிலை மென்று வாய்ப்புற்றுநோய் வந்தவர். அரசின் விளம்பரத்தில் தன் முகத்தையே காட்டிப் பேசியவர். திலீப் காந்தியின் பேச்சைக் கேட்டு வருத்தப்பட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2015 ஏப்ரல் 1 அன்று இறந்தார். முதலில் அறிவித்தபடி 85 சதவீதப் படம் அமலுக்கு வந்திருக்க வேண்டிய நாள்.

நுங்குவண்டி

இதற்கிடையில் ஒரு கூத்தையும் மறக்கக்கூடாது. நம் சிகரெட் பாக்கெட்டில் வந்த மங்கலான மனித உருவம் இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜான் டெரி மாதிரியே இருக்கிறது என்று 2012 தொடக்கத்தில் லண்டன் பத்திரிகைகளில் பெரிய செய்தி. அவர் தரப்பு வழக்குவரை யோசித்தது. மூன்று ஆண்டு அமைச்சர்கள் குழு, கெடு நீட்டிப்பு எல்லாம் முடிந்தும் படம் இந்த லட்சணம்.

வண்டல்

யாரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. புகையிலை லாபி என்றால் வெளியே நிற்கும் ஆள் என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். உள்ளேயும் இருக்கிறதே!

ஐடிசியின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று எல்ஐசி. நாம் கட்டும் பிரீமியம். யூனிட் டிரஸ்ட் என்ற பழைய அரசு முதலீட்டு நிறுவனத்தின் பங்குகள் வழியாக அரசும் நேரடியாகவே பங்கு வைத்திருந்தது. இது சரியா என்று கேட்டு 2017இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். வணிக அமைச்சகத்தின் கீழ் குண்டூரில் புகையிலை வாரியம், சாகுபடியும் ஏற்றுமதியும் வளர. ராஜமுந்திரியில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் (இப்போது பெயர் மாறிவிட்டது), அதற்கு நம் வேடசந்தூரிலும் ஒரு கிளை. தொழிலாளர் அமைச்சகம் பீடித் தொழிலாளர் நலன் பார்க்க. நிதி அமைச்சகம் வரி பார்க்க. சுகாதார அமைச்சகம் ஒன்றுதான் தனியாக நின்று வேண்டாம் என்கிறது. அமைச்சரவைக் கூட்டத்தில் அந்தக் குரலின் எடை எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பாருங்கள். வெளியிலிருந்து வரும் லாபி, ஏற்கெனவே சாய்ந்திருக்கும் சுவரைத்தான் தள்ளுகிறது.

எதிர்வாதி

வண்டல் சொன்னது நியாயம், அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மறுபக்கத்து லாபி பற்றி?

இந்தியப் பொது சுகாதார அறக்கட்டளையின் வெளிநாட்டு நன்கொடை உரிமத்தை 2017 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் ரத்து செய்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டு புகையிலைக் கட்டுப்பாட்டுக்காக எம்.பி.க்களிடமும் ஊடகங்களிடமும் லாபி செய்தார்கள் என்பது. புகையிலை எதிர்ப்புப் பணிகளுக்கு அமெரிக்கக் கோடீஸ்வரர் புளூம்பெர்க்கின் அறக்கட்டளை உலகம் முழுவதும் பணம் கொடுப்பது ஊரறிந்த விஷயம். இவர்களுக்கு மட்டும் பதிவேடு வேண்டாமா?

மருந்துச்சீட்டு

வேண்டும். பதிவேடு வந்தால் முதலில் எங்கள் சங்கத்தின் பெயரை நானே எழுதிக் கொடுப்பேன்.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. பாக்கெட்டில் படம் பெரிதானால் எனக்கு ஒரு ரூபாய்கூட வராது, நோயாளிகள் குறைவார்கள். படம் சிறிதானால் பீடி முதலாளிக்கு வரும். இருவரும் அமைச்சரைச் சந்திக்கிறோம் என்பதால் இருவரும் ஒன்றாகிவிட மாட்டோம். அந்த அறக்கட்டளையின் உரிமம் பறிபோனதை இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். எம்.பி.யிடம் பேசியதற்காக ஒரு சுகாதார நிறுவனத்தின் உரிமம் போகிறது. பீடி விற்கும் எம்.பி. குழுவில் உட்கார்ந்தே பேசுகிறார், அவருக்கு எதுவும் போகவில்லை.

படத்தால் பயனில்லை என்பதும் சரியல்ல. 2016-17இல் அரசு எடுத்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு விட்டுவிடலாமா என்று யோசித்தவர்கள் சிகரெட் குடிப்பவர்களில் 62 சதவீதம், பீடி குடிப்பவர்களில் 54 சதவீதம். யோசித்தவரெல்லாம் விட்டுவிடுவதில்லை, தெரியும். அதே கணக்கெடுப்பில் சிகரெட் குடிப்பவர்கள் வயது வந்தோரில் 4 சதவீதம், பீடி குடிப்பவர்கள் 7.7 சதவீதம். ஆக, குழு எதற்கு ஒரு பக்கம் போதும் என்றதோ அதைத்தான் இந்தியா அதிகம் குடிக்கிறது.

கடைவீதி பழனி

டாக்டரம்மா சொன்ன கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் கட்டை வாங்கியதும் தாளைக் கிழித்து என் கடை வாசலிலேயே போட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருவரிடம் கேட்டேன். பேத்தி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அழுகிறாளாம்.

பொதிகைச்சாரல்

எதிர்வாதி அண்ணனும் டாக்டரும் யார் பெரிய லாபி என்று அளந்துகொண்டிருக்கிறீர்கள். நடுவில் எங்களைப் பற்றியும் கொஞ்சம் பேசுங்கள்.

1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. வந்ததும் கம்பெனிகள் என்ன செய்தன என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்: கூடத்தில் உட்கார வைத்துச் சுற்றச் சொன்னவர்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சுற்றுங்கள் என்றார்கள். நடுவில் ஏஜென்ட் முளைத்தார். தொழிலாளி யாருடைய தொழிலாளி என்பதே வழக்காகிப் போனது. 1976இல் நல நிதிக்கென்று பீடி மேல் தனியாக ஒரு தீர்வை போட்டார்கள். எங்கள் படிப்புக்கு உதவித்தொகை வந்தது அதிலிருந்துதான். நானும் வாங்கியிருக்கிறேன். முக்கூடலில் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி நடந்ததும் அதை வைத்துத்தான். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். நிதி இப்போது பட்ஜெட்டைப் பார்த்து நிற்கிறது.

அன்றைக்குத் தொழிற்சங்கங்கள் கத்தின. படம் பெரிதாகிறது என்று தொழிலாளியின் பெயரால் பதறிய எம்.பி.க்களில் எவராவது தொழிலாளியின் தீர்வை போகிறதே என்று பதறியதாக நான் படிக்கவில்லை. இப்போது வரி 10 சதவீதம் இறங்கியிருக்கிறது. அதில் ஆயிரம் பீடிக்கு எத்தனை ரூபாய் கூலியாக ஏறும் என்று யாராவது நிபந்தனை போட்டார்களா?

என் அம்மா பீடியை ஆதரிக்கிறவர் இல்லை. தூள் நெடியில் இருமி இருமியே வளர்த்தார் எங்களை. வேறு வேலை கிடைத்தால் நாளைக்கே சுளகைக் கவிழ்த்துவிடுவார். அந்த வேறு வேலையைக் கேட்க எங்களுக்கு லாபி இல்லை.

எதிர்வாதி

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் ஒன்று கவனித்தீர்களா தம்பி? நீங்கள் சொல்வது லாபி கூடாது என்பதல்ல. உங்களுக்கும் ஒன்று வேண்டும் என்பதுதான். நானும் முதலிலிருந்து அதைத்தான் சொல்கிறேன்.

பொதிகைச்சாரல்

வேண்டும்தான் அண்ணா. ஆனால் எங்களுடையதை நாங்களே எழுத வேண்டும், ஏஜென்ட் கடையில் எழுதிவைத்த தாளாக இருக்கக்கூடாது.

சட்டப்புள்ளி ஐயா, விதி எழுதும் மேசை என்றீர்களே, அங்கே எங்களைப் போன்றவர்கள் போக வழி இருக்கிறதா?

சட்டப்புள்ளி

பெயரளவில் இருக்கிறது. 2014இல் மத்திய அரசு சட்டத்துக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை என்று ஒன்றை வகுத்தது. வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பல துறைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை, பொருட்படுத்தினாலும் இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் போட்டு வைப்பார்கள். கருத்து அனுப்பத் தனிமனிதரே போதும், சங்கம் தேவையில்லை, கட்டணமும் இல்லை. கம்பெனிகளின் வக்கீல்கள் முதல் நாளே அனுப்பிவிடுவார்கள்.

மொழிதான் அடுத்த தடை. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது அதை எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மொழிபெயர்ப்பதைவிட வழக்கு நடத்துவது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. நீங்கள் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள், பதிவுத் தபாலில். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பிறகு வழக்கு என்று வந்தால் அதுதான் சான்று.

கோடைமழை

பொதிகை, அடுத்த வரைவு எது வந்தாலும் தமிழில் சுருக்கி இங்கே போட நானும் சட்டப்புள்ளியும் பொறுப்பு. இலைக் குறைவும் கழிவும் எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் தேதி போட்டு, பாஸ் புத்தகப் பக்கத்தோடு எழுதி வைக்க முடியுமா?

பொதிகைச்சாரல்

அம்மாவிடம் பழைய பாஸ் புத்தகம் எல்லாம் இருக்கிறது அண்ணாச்சி. தெருவில் மற்றவர்களிடமும் கேட்கிறேன். கழிவுக்குக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் ஏறியிருக்காது, அதை மட்டும் இனிமேல்தான் எழுதத் தொடங்க வேண்டும்.